கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு?

மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள், சைக்கிள் மிதிக்கிற பிள்ளைகள், தோட்ட வேலைக்கு ஜீப்பில் போகிற பெண்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு விஷயத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதுதான் கண்ணாடி. 'கூலிங்கிளாஸ் பற்றி எழுத என்ன இருக்கு, அது ஸ்டைலுக்குப் போடுறதுதானே' என்று நினைக்காமல் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் ராசிங்காபுரம், போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகிற பக்கம் இருக்கிறது. மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலைதான். மலைக்கு அந்தப் பக்கம் கேரளா, ஏலத்தோட்டம். முந்தலில் இருந்து மேலே ஏறினால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை இந்த வழியாகத்தான் போகிறது. எங்கள் பக்கத்து ஆம்பளைகளும் பெண்களும் பூப்பாறை, சாந்தன்பாறை வரைக்கும் வேலைக்குப் போய் வருகிறார்கள். சிலர் பைக்கில், பெரும்பாலும் ஜீப்பில்.

இப்போது புதுசாக ஒன்று வந்திருக்கிறது. பையன்கள் கியர் சைக்கிள் வாங்கிக்கொண்டு 'அம்மா, மலை ஏறிட்டு வர்றேன்' என்று கிளம்பிவிடுகிறார்கள். என் பெரிய மகனும் அதில் ஒருத்தன். பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள் போதாது என்று, லீவில் வேலைக்குப் போய் காசு சேர்த்து, தடி டயர் போட்ட மலை சைக்கிள் வாங்கினான். ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தோம். அடுத்து கண்ணாடி கேட்டான். வீட்டில் ஒரே சிரிப்பு. 'சினிமாவுக்கா போறே?' என்று அவன் அப்பா கேட்டார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

என் மதினிக்கு வந்த கஷ்டம்

என் மதினி ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போவார். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். குனிந்து தூரில் காய் எடுத்துவிட்டு நிமிரும்போது தோகையின் நுனி கண்ணில் கிழித்துவிட்டது. வலித்தாலும் சாயங்காலம் வரை வேலை பார்த்தார், கூலி போய்விடுமே என்று. வீட்டுக்கு வந்ததும் அப்பத்தா தாய்ப்பால் வாங்கி விட்டார். மறுநாள் விளக்கெண்ணெய். மூன்றாம் நாள் மருந்துக் கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து. ஐந்தாம் நாள் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி. 'கண்ணுல பூ விழுந்துடுச்சு' என்று ஊரில் சொல்வார்களே, அதுதான்.

அதற்குப் பிறகுதான் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். 'காளான் கிருமி உள்ளே இறங்கியிருக்கு, முதல் நாளே வந்திருக்கலாமே அம்மா' என்றார் டாக்டர். மாதக்கணக்கில் மருந்து ஊற்றி கண்ணைக் காப்பாற்றினார்கள், பார்வை வரவில்லை. இன்றைக்கும் மதினி அந்தப் பக்கம் யாராவது நின்றால் தலையை முழுசாகத் திருப்பித்தான் பார்ப்பார். ஊசியில் நூல் கோர்க்க என் சின்ன மகளைக் கூப்பிடுவார்.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. 1994-ல் ஜனவரியிலிருந்து மார்ச் வரை மூன்றே மாதத்தில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்தவர்கள் 434 பேர். அதில் மூன்றில் இரண்டு பங்கு பேருக்குப் புண் வருமுன் கண்ணில் ஏதோ ஒரு அடி பட்டிருந்தது. பெரும்பாலும் நம்மைப் போல காடு, தோட்டத்தில் பாடுபடுகிறவர்கள்தான். இலை, தட்டை, குச்சி, மண் என்று தினமும் நம் கையில் புழங்குகிற பொருள்கள்தான் கண்ணுக்கு எதிரி.

வண்டியில் போகும்போது என்ன ஆகிறது?

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் 36 அடி போய்விடும். எதிரே ஒரு வண்டு வந்து கண்ணில் மோதுகிறது என்று வையுங்கள். வண்டு சும்மா பறந்தாலும் நம் வேகத்தில்தான் அடிபடுகிறது. உடனே கண் தானாக மூடும். இரண்டு நொடி மூடினாலும் 70 அடி கண்ணில்லாமல் போகிறோம். வளைவில் 70 அடி என்றால் எங்கே போய் நிற்போம்? கண்ணுக்கு வருகிற ஆபத்து உயிருக்கே வருகிற ஆபத்து என்பது இதனால்தான்.

ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் அடிக்கிற காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மண்ணை வாரி முகத்தில் வீசும். இலவங்காய் வெடிக்கிற காலத்தில் பஞ்சு பறக்கும். லாரி போனால் பொடிக்கல் தெறிக்கும். மலை சைக்கிள் ஓட்டும் பையன்களுக்கு முன்னால் போகிறவன் டயரிலிருந்தே சேறும் கல்லும் வரும். ஒற்றையடிப் பாதையில் உண்ணிச்செடிக் கிளை கண் மட்டத்தில்தான் நீட்டிக்கொண்டு நிற்கும்.

மலை சைக்கிள் பந்தயத்தை 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் சேர்த்தார்கள். என் மகன் செல்போனில் அந்த மாதிரிப் பந்தயங்களைக் காட்டினான். கண்ணாடி போடாதவர்களைப் பார்ப்பதே அபூர்வம். செங்குத்து இறக்கத்தில் வருகிறவர்கள் முகம் முழுக்க மூடும் ஹெல்மெட்டும், முகத்தோடு ஒட்டுகிற பட்டை வைத்த கண்ணாடியும் போடுகிறார்கள். அதைக் காட்டித்தான் வீட்டில் எல்லோர் வாயையும் அடைத்தோம்!

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கடை கடையாக ஏறி இறங்கி, கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடி கொடுக்கிற தங்கையிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. கண்ணாடிச் சில்லில் செய்தது வேண்டவே வேண்டாம். கல் பட்டால் உடைந்து அந்தச் சில்லே கண்ணுக்குள் போகும். 'பாலிகார்பனேட்' என்று கேட்டு வாங்குங்கள். எடை குறைவு, அடி பட்டாலும் சில்லாகச் சிதறாது. சாதாரண பிளாஸ்டிக் லென்ஸுக்கு இந்தப் பலம் கிடையாது.

2. கறுப்பாக இருந்தால் வெயிலுக்கு நல்லது என்று நினைக்காதீர்கள். கறுப்பு வேறு, புற ஊதாக் கதிரைத் தடுப்பது வேறு. பாலிகார்பனேட் தண்ணீர் நிறத்தில் இருந்தாலே அந்தக் கதிரைத் தடுத்துவிடும். தடுக்காத மலிவுக் கறுப்புக் கண்ணாடி போட்டால் உள்ளே இருட்டாகி கண்மணி விரியும். விரிந்த கண்ணுக்குள் கதிர் இன்னும் அதிகமாகப் போகும். அது போடாமல் இருப்பதைவிடக் கெடுதல். 'யூ.வி. 400' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரிய கண்ணாடிக் கடைகளில் அதை அளந்து காட்டும் சின்ன மெஷினே இருக்கிறது, கேட்டால் காட்டுவார்கள்.

3. நிறம். நல்ல வெயிலில் சாம்பல் அல்லது பழுப்பு. மரநிழலும் வெயிலும் மாறி மாறி வருகிற பாதைக்கு அதிகக் கறுப்பு ஆகாது. நிழலுக்குள் நுழைந்ததும் பள்ளம் தெரியாது. மேகமூட்டத்துக்கும் சாயங்காலத்துக்கும் நிறமே இல்லாதது நல்லது. ராத்திரியில் எந்த நிறக் கண்ணாடியும் கூடாது, மஞ்சளும் சேர்த்துத்தான். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், நான் சொல்வது தண்ணீர் நிறம்தான். எந்த நேரமும் போடலாம்.

4. பக்கவாட்டிலும் வளைந்து கண்ணை மூட வேண்டும். புருவத்துக்கும் கன்னத்துக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் மண்ணும் நுழையும். அதே சமயம் முழுக்க அடைத்துவிட்டால் மூச்சு ஆவி படிந்து, போடிமெட்டுப் பனியில் ஒன்றும் தெரியாது. காற்றுப் போக சின்ன ஓட்டைகள் இருப்பதைப் பாருங்கள்.

5. கடையில் ஹெல்மெட்டையும் கொண்டு போய் இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். கண்ணாடிக் காம்பு தடிமனாக இருந்தால் பொட்டில் அழுத்தி அரை மணியில் தலைவலி வரும். குனிந்து தலையை ஆட்டிப் பாருங்கள். நழுவினால் வேறு பாருங்கள், அல்லது பின்னால் கயிறு போட்டுக்கொள்ளுங்கள்.

6. பவர் கண்ணாடி போடுகிறவர்கள் அதே பவரில் பாலிகார்பனேட் லென்ஸ் போடச் சொல்லலாம். இல்லையென்றால் பவர் கண்ணாடிக்கு மேலேயே போடுகிற மாதிரி பெரிய பாதுகாப்புக் கண்ணாடி கிடைக்கிறது.

செலவு அதிகமாகுமே என்கிறீர்களா? ஹார்டுவேர் கடையில், பட்டறை வேலைக்காரர்கள் வாங்குகிற தண்ணீர் நிறப் பாதுகாப்புக் கண்ணாடியைக் கேளுங்கள். கம்பெனிப் பெயர் போட்ட ஸ்டைல் கண்ணாடி விலையில் சின்னப் பங்குதான் ஆகும். ஐ.எஸ். 5983 என்ற எண்ணோ, இ.என். 166 என்றோ, இசட் 87 பிளஸ் என்றோ அதில் போட்டிருந்தால், அடி தாங்கும் என்று சோதித்த முறைக்கு அது அடையாளம். வெல்டிங் கறுப்புக் கண்ணாடியை மட்டும் வாங்கி வந்துவிடாதீர்கள், பாதையே தெரியாது.

பைக் ஓட்டுகிறவர்களுக்கு ஹெல்மெட் முகப்புக் கண்ணாடி இருந்தால் நல்லதுதான், ஆனால் அதை இறக்கிவிட வேண்டும்! பாதிப் பேர் தூக்கி வைத்துக்கொண்டுதான் போகிறார்கள். கீறல் விழுந்த முகப்பை மாற்றிவிடுங்கள். ராத்திரியில் எதிர்வண்டி விளக்கு அதில் பட்டுச் சிதறி கண்ணைக் கூசும். ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். 2021 ஜூன் 1 முதல் அது இல்லாத இருசக்கர ஹெல்மெட்டை விற்பதே சட்டப்படி தப்பு.

கண்ணாடியைச் சுத்தம் செய்வது நம் வேலைதானே! முந்தானையால் காய்ந்த தூசியோடு துடைக்காதீர்கள். பாலிகார்பனேட் அடி தாங்கும், கீறல் தாங்காது. முதலில் தண்ணீரில் அலசி, பிறகு மெத்தென்ற பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். பெட்ரோல், தின்னர் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

அப்படியும் கண்ணில் பட்டுவிட்டால்?

கசக்கக் கூடாது. தூசி என்றால் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். தோட்டத்தில் மருந்து அடிக்கும்போது தெறித்தால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்து, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முள்ளோ குச்சியோ குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். கண்ணை அழுத்தாமல் மேலே ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்துப் பிடித்து அப்படியே கூட்டிப் போங்கள். நாக்கால் தூசி எடுப்பது, தாய்ப்பால், எண்ணெய், இலைச்சாறு எதுவும் வேண்டாம். வீட்டில் கிடக்கிற பழைய சொட்டு மருந்தும் வேண்டாம். சில மருந்தில் ஸ்டீராய்டு இருக்கும், காளான் கிருமிக்கு அது உரம் போட்ட மாதிரி.

முக்கியமாக, நேரத்தைக் கடத்தாதீர்கள். நேபாளத்தில் பக்தபூர் என்ற இடத்தில் செய்த ஓர் ஆராய்ச்சி 2001-ல் வெளிவந்தது. கருவிழியில் கீறல் பட்டவர்களைக் கிராமத்திலேயே கண்டுபிடித்து மருந்துக் களிம்பு போட்டார்கள். 18 மணி நேரத்துக்குள் மருந்து போட்ட 284 பேரில் ஒருத்தருக்குக்கூடப் புண் வரவில்லை. ஒரு நாளுக்கு மேல் கழித்து வந்த 49 பேரில் 14 பேருக்குப் புண் வந்துவிட்டது. எந்த மருந்து என்பதை டாக்டர் சொல்லட்டும். அன்றைக்கே போவதுதான் நம் பொறுப்பு. நமக்குத் தேனியிலேயே 1985 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் இருக்கிறது.

கடைசியாக என் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். வண்டி ஓட்டுகிற பையனுக்கும் ஆம்பளைக்கும் கண்ணாடி வாங்கச் சொன்னால் யோசித்தாவது வாங்குகிறார்கள். ஜீப்பின் பின்னால் காற்றிலும் புழுதியிலும் உட்கார்ந்து போய், நாள் முழுக்க தோகைக்குள் குனிந்து நிமிர்கிற பெண் போட்டால், 'என்னம்மா, கலெக்டர் ஆயிட்டியா?' என்று கேலி பேசுகிறார்கள். அதற்குப் பயந்தே நம் பெண்கள் போடுவதில்லை. சகோதரிகளே, தோட்டத்துக்குக் கையுறையும் தொப்பியும் எடுத்துப் போகிறோம் இல்லையா? அந்தப் பையில் இதையும் போடுங்கள். நாலு பேராகச் சேர்ந்து ஒரே நாளில் போட்டுப் போங்கள், கேலி செய்கிறவர்கள் ஒரு வாரத்தில் ஓய்ந்துவிடுவார்கள். தோட்டக்காரர்களும் மருந்து அடிக்கிறவர்களுக்கும் காய் எடுக்கிறவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுக்கலாம். ஏலக்காய்க்குக் கொடுக்கிற மரியாதையில் கொஞ்சம் கண்ணுக்கும் கொடுங்கள்!

- ஒரு வாசகி, ராசிங்காபுரம்.