வெப்ப உருகி சொல்லும் செய்தி

ட்ரையர் சுற்றுகிறது, ஆனால் உடுப்பு ஈரமாகவே வருகிறது. மாரிகாலத்தில் எங்கள் வீட்டில் இப்படித்தான் ஆனது. மோட்டார் ஓடுவதால், பழுது சூடாக்கும் பகுதியில் என்று ஊகித்தோம்.

பிளக்கைக் கழற்றி, இயந்திரம் ஆறிய பின் வாப்பா பின்தகட்டைத் திறந்தார். நான் பல்மானியால் அளந்தேன். 230 வோல்ற்றில் 2000 வாற்று தரும் சூடாக்கிச் சுருளுக்கு எவ்வளவு தடை இருக்க வேண்டும்? வோல்ற்றளவின் வர்க்கத்தை வலுவால் வகுத்தால் ஏறத்தாழ 26 ஓம். பல்மானியும் அதையே காட்டியது. சுருள் நல்லது. பக்கத்திலிருந்த வெப்ப உருகியில்தான் தொடர்ச்சி இல்லை.

அளவுக்கு மீறிச் சூடானால் சுற்றைத் துண்டிப்பதே இவ்வுருகியின் வேலை. ஒருமுறை துண்டித்தால் மாற்றத்தான் வேண்டும். சிலர் அதற்குப் பதிலாகக் கம்பியொன்றை இணைத்துவிடுவர். ட்ரையர் மீண்டும் சூடாகும். ஆனால் தீயைத் தடுக்க எதுவும் இராது.

உருகி ஏன் போனது என்று தேடினோம். காற்று வெளியேறும் குழாய் நிறையத் துணிப்பஞ்சு! காற்றுப் போக வழியில்லாததால் வெப்பம் உள்ளே தேங்கியிருக்கிறது. பஞ்சோ எளிதில் தீப்பற்றும். குழாயைத் துப்புரவாக்கிய பிறகே அதே அளவுடைய புதிய உருகியைப் பூட்டினோம்.

ஒவ்வொரு தடவையும் பஞ்சு வடியைத் துப்புரவு செய்யுங்கள். மின்வேலை தெரிந்த பெரியவர் இல்லாமல் மட்டும் எதையும் திறக்காதீர்கள்.