பள்ளியிலேயே கல்லூரிப் பாடம்! அதற்கு மதிப்பு தருவது யார்?



ப்ளஸ் டூ முடிச்சாதான் காலேஜ். நமக்குத் தெரிந்தது இதுதானே? ஆனால் அமெரிக்காவில் 11, 12-ஆம் வகுப்பு மாணவர்கள் பலர், தங்கள் பள்ளி பெஞ்சிலேயே உட்கார்ந்து கல்லூரி முதலாம் ஆண்டுப் பாடத்தையும் படிக்கிறார்கள். அந்த மார்க் பள்ளிக்கும் சேரும், கல்லூரிக்கும் சேரும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

"அட, நல்லா இருக்கே!" என்று தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள்.

எப்படி வந்தது?

1959-லேயே செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் இதைத் தொடங்கிவிட்டது. அந்தத் திட்டத்தின் பெயர் '1818'. அது அந்தப் பல்கலைக்கழகம் பிறந்த ஆண்டு. 1972-ல் நியூயார்க் மாநிலத்தின் சிராகூஸ் பல்கலைக்கழகமும் களத்தில் இறங்கியது. பள்ளியின் கடைசி வருடத்தில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் சப்பென்று ஆகிவிடுகிறது என்பதுதான் காரணம். 1985-ல் மின்னசோட்டா மாநிலம் இதற்குச் சட்டமே கொண்டுவந்தது.

லாபம் என்ன?

அங்கே பட்டம் வாங்கப் பொதுவாக 120 'கிரெடிட்' சேர்க்க வேண்டும். ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் 3 கிரெடிட். பள்ளியிலேயே 5 பாடம் முடித்தால் 15 கிரெடிட். அதாவது ஏறக்குறைய ஒரு செமஸ்டர் மிச்சம்! கல்லூரிக் கட்டணம் மிக அதிகமான நாட்டில், சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

இங்கேதான் சந்தேகம்!

பாடம் எடுப்பவர் பெரும்பாலும் அதே பள்ளி ஆசிரியர்தான். அப்படியானால், "இது நிஜமாவே காலேஜ் பாடமா? இல்ல, பேர் மட்டும் காலேஜா?" என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது?

அந்தப் பதிலுக்காகத்தான் 'அக்ரெடிடேஷன்', அதாவது தர அங்கீகாரம். இந்த வகைத் திட்டங்களுக்காகவே 1999-ல் 'நேசெப்' என்ற தேசிய அமைப்பு உருவானது. அது பார்ப்பவற்றில் சில:

1. ஆசிரியரை அந்தக் கல்லூரித் துறையே தேர்ந்து ஒப்புதல் தந்ததா?
2. கல்லூரியில் நடத்தும் அதே பாடத்திட்டம்தானா?
3. தேர்வும் திருத்தும் முறையும் அதே கடினம்தானா?
4. கல்லூரிப் பேராசிரியர் பள்ளிக்கு வந்து வகுப்பைப் பார்க்கிறாரா?
5. மாணவருக்கு விதிமுறைகளை முன்கூட்டியே சொன்னார்களா?

இது திட்டத்துக்கான சோதனை. கல்லூரி முழுவதையும் சோதிக்க வேறு அமைப்புகள் உள்ளன. அவற்றில் ஒன்றான 'ஹையர் லேர்னிங் கமிஷன்' 2015-ல் ஆசிரியர் தகுதி பற்றிய விதியை விளக்கமாகச் சொன்னது. முதுகலைப் பட்டம் வேண்டும். அது வேறு பாடத்தில் என்றால், நடத்தும் பாடத்தில் முதுகலை அளவில் 18 கிரெடிட்டாவது வேண்டும் என்றது. பல வருட அனுபவமுள்ள பள்ளி ஆசிரியர்கள் பலர் மறுபடியும் புத்தகப்பையைத் தூக்க வேண்டிய நிலை! எதிர்ப்பு எழவே, அவகாசம் நீட்டிக்கப்பட்டது.

அங்கீகாரம் இருந்தால் போதுமா?

போதாது! இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நம்ம டவுன் பஸ் பாஸை எக்ஸ்பிரஸ் பஸ்ஸில் காட்டினால் கண்டக்டர் ஒத்துக்கொள்வாரா? பாஸ் போலி இல்லை. ஆனால் அந்த வண்டிக்குச் செல்லாது. கிரெடிட்டும் அப்படித்தான். ஒரு கல்லூரி தந்த கிரெடிட்டை இன்னொரு கல்லூரி ஏற்பதும் மறுப்பதும் பெரும்பாலும் சேரப்போகும் கல்லூரியின் கையில் இருக்கிறது. ஏற்றாலும், "இது உன் முக்கியப் பாடத்துக்குக் கணக்கில் வராது" என்று சொல்லிவிடலாம். விசாரிக்காமல் படித்த பிள்ளைக்கு அதே பாடத்தை மறுபடி படிக்க வேண்டி வரும்.

இன்னொரு விஷயம். அதில் எடுத்த மார்க் கல்லூரிப் பதிவேட்டில் ஏறிவிடும். 16 வயதில் விளையாட்டாக ஃபெயில் ஆனாலும் அது பின்னாலேயே வரும்!

நமக்கு என்ன பாடம்?

நம் நாட்டில் கல்லூரிகளின் தரத்தைப் பார்க்க 1994-ல் 'நாக்' தொடங்கப்பட்டது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யு.ஜி.சி. வெளியிடுகிறது. நாளைக்கு நாமும் கல்லூரியில் சேருவோம், சான்றிதழ் படிப்புகளில் சேருவோம். பளபளப்பான நோட்டீஸைப் பார்த்து அப்பா அம்மாவிடம் பணம் கேட்கும் முன் மூன்று கேள்வி கேட்போம்:

★ இதற்கு அங்கீகாரம் தந்தது யார்?
★ அங்கீகாரம் கல்லூரிக்கா, இந்தப் படிப்புக்கா?
★ நான் அடுத்துப் போகும் இடத்தில் இது செல்லுமா?

மூன்றாவது கேள்விக்குப் பதிலை விற்பவரிடம் கேட்காதீர்கள். அடுத்துப் போகும் இடத்திலேயே கேளுங்கள்!

கேட்பதில் வெட்கம் இல்லை நண்பர்களே. கேட்காமல் ஒரு வருடத்தை இழப்பதுதான் வருத்தம்.



– 11-ஆம் வகுப்பு மாணவி