வழமைக்கு அடங்கிய வேந்தர்

முடி தரித்தவன் மொழிவதே சட்டம் என்று எண்ணிப் பழகியோருக்குக் கைலி மக்களின் பண்டை அரசியல் வியப்பளிக்கும். முன்னாளிற் செலிபீஸ் எனப்பட்ட இந்தோனேசியத் தீவாகிய சுலாவேசியின் நடுப்பகுதியில், பாலு விரிகுடாவையும் அதன் தெற்கேயுள்ள பள்ளத்தாக்கையும் சூழ்ந்து வாழ்பவர் இவர்கள். பாலு, சிகி, டோலோ, தவாயெலி முதலிய சிற்றரசுகள் இவர்களிடையே இருந்தன.

அரசனுக்கு 'மாகாவு' என்று பெயர். 'மாடிகா' எனும் உயர்குடியிற் பிறந்தோரே அப்பதவிக்கு உரியர். அக்குடியின் மூதாதையர் வானுலகத் தொடர்புடையோர் என்பது தொன்மக் கதை. ஆயினும், அப்பிறப்பு மாத்திரம் எவரையும் அரியணையில் ஏற்றிவிடவில்லை. 'அடாத்' எனும் வழமையின்படி, நாட்டின் ஏழு பகுதிகளின் சார்பாகக் கூடும் 'பித்துங்கோட்டா' அவை இசைதல் வேண்டும். தந்தைக்குப் பின் தனயன் என்பது தானே நிகழும் காரியமாய் இருக்கவில்லை. தாய்வழிச் சிறப்பும் ஆராயப்பட்டது.

பட்டமேறிய பின்னரும் மாகாவு தனித்து ஆளவில்லை. உள்நாட்டு அலுவல்கள் 'புங்காவா'விடமும், போர் 'தடுலாக்கோ'விடமும் இருந்தன. துறைமுகத்துக்குச் 'சாபந்தாரா' பொறுப்பு. கடல் வாணிகத்தோடு வந்த பாரசீகச் சொல் அது. இவர்களுள் நாம் ஊன்றி நோக்கவேண்டியவர் 'கலாரா'. வழமைச் சட்டத்தைக் காத்து வழக்குகளைக் கவனிப்பது அவர் கடமை. சட்டத்தின் சாவி அரசனின் கைக்கு வெளியே இருந்தது என்றே சொல்லலாம். குற்றம் புரிந்தோர் 'கிவு' எனும் தண்டம் இறுத்தனர். எருமை, துணி, தட்டு முதலியன அதில் அடங்கும். குலைந்த உறவைச் சீர்செய்வதே அதன் நோக்கம். உயர்குடியினரும் அதற்கு விலக்கல்லர்.

இவ்வமைப்பை உலைத்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஒல்லாந்தர் ஆட்சி. தம் மேலாண்மையை ஏற்று, தம் கட்டளைக்குப் பணிவதாக உறுதிகூறும் சிறு பத்திரமொன்றில் அரசர்களை அவர்கள் ஒப்பமிடச் செய்தனர். அரசன் அந்நியனுக்கு முன் தாழ்ந்தான் என்பது வெளிப்படை. ஆனால், தன் குடிகளுக்கு முன் அவன் உயர்ந்துவிட்டான் என்பதே என் கருத்து. ஒல்லாந்தரின் துப்பாக்கி பின்னே நிற்கையில், அவையின் இசைவு அவனுக்கு எதற்கு? வழமை இட்ட கடிவாளம் அவ்வாறே தளர்ந்தது.

இந்தோனேசியா விடுதலை பெற்ற பின், 1959ஆம் ஆண்டுச் சட்டத்தோடு சுலாவேசியின் சிற்றரசு ஆட்சிகள் முடிவுற்றன. மாகாவு மறைந்தார். அடாத் மன்றங்களோ மறையவில்லை. பாலுவிலும் சிகியிலும் மூத்தோர் இன்றும் கூடிப் பிணக்குகளைக் கேட்டுக் கிவு விதிக்கின்றனர்.