உருகிய நீரும் நகரும் பனியும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

'ஐஸ்' என்றதும் நம்மில் பலருக்குக் கோடையில் பருகும் குளிர்பானம் நினைவுக்கு வரும். எனக்கோ என் தந்தையாரின் கைகள்தாம் நினைவுக்கு வரும். நோணாங்குப்பத்தில் பிறந்து வளர்ந்த அவர், இளமை முதல் மீன் வண்டிகளுக்கு ஐஸ் ஏற்றும் தொழில் செய்பவர். ஐஸ் பாரைக் கொக்கி போட்டு இழுப்பதற்கு முன் தரையில் ஒரு வாளித் தண்ணீரை வீசுவார். "காஞ்ச தரையில பார் நகராதுடா. தண்ணி பட்டா அதுவா ஓடும்" என்பார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத்தான் இன்று உலக விஞ்ஞானிகள் கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் கருவிகளை நட்டு அளந்துகொண்டிருக்கிறார்கள் என்பதை, நம் கல்லூரியில் சேர்ந்த பிறகே நான் அறிந்தேன். அதனை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பனி நகருமா?

நகரும். நிலத்தின் மீது பல்லாயிரம் ஆண்டுகளாகப் பெய்த பனி, தன் பாரத்தாலேயே இறுகிக் கட்டியாகிப் பெரும் போர்வையாக மூடிக்கிடப்பதைப் பனிவிரிப்பு என்கிறோம். இன்று உலகில் இரண்டே பனிவிரிப்புகள் உள்ளன. ஒன்று கிரீன்லாந்து, மற்றொன்று அண்டார்டிகா. சில இடங்களில் அவற்றின் கனம் 3 கிலோமீட்டருக்கும் மேல். இவ்வளவு பாரம் ஓரிடத்தில் சும்மா இருக்குமா? நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, இலையில் வைத்த கெட்டிக் களி மெல்லப் பரவுவதுபோல் பனி பரவிக் கடலை நோக்கிச் செல்கிறது. இது ஒரு வகை நகர்வு. அடியிலுள்ள பாறையின் மீது பனி முழுவதுமாக வழுக்கிச் செல்வது மற்றொரு வகை. என் தந்தையாரின் வாளித் தண்ணீர் வேலை செய்வது இந்த இரண்டாவது வகையில்தான்.

நீலக் குளங்கள்

கிரீன்லாந்தில் கோடை வந்ததும் பனியின் மேற்பரப்பு உருகுகிறது. உருகிய நீர் பள்ளமான இடங்களில் தேங்கிக் குளமாகிறது. வெண்பனி தன் மீது விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கருநீலமாகத் தெரியும் நீரோ வெயிலை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே குளம் தோன்றிவிட்டால் அது தன் அடியிலுள்ள பனியை மேலும் உருக்கித் தன்னைத்தானே ஆழப்படுத்திக்கொள்கிறது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். மேலே தேங்கிய நீர், ஒரு கிலோமீட்டர் கனமுள்ள பனியைத் துளைத்து அடிக்குப் போவது எப்படி? விடை நம் முதலாண்டுப் பாடத்திலேயே இருக்கிறது. ஒரு கன மீட்டர் நீரின் எடை 1000 கிலோ. அதே அளவு பனியின் எடை சுமார் 917 கிலோ. பனியில் ஒரு வெடிப்பு விழுந்தால், பக்கத்துப் பனி அதை நெருக்கி மூடப் பார்க்கும். ஆனால் அந்த வெடிப்பு விளிம்புவரை நீரால் நிறைந்திருந்தால், நீரின் அழுத்தம் பனியின் அழுத்தத்தை மிஞ்சிவிடும். வெடிப்பு மூடாது; ஆப்பு வைத்துப் பிளந்ததுபோல் மேலும் மேலும் கீழிறங்கும். மேலே குளம் இருக்கும்வரை அந்த ஆப்புக்கு நீர்ப் பஞ்சமில்லை.

ஒன்றரை மணி நேரத்தில் வற்றிய ஏரி

இது வெறும் கணக்கன்று, கண்டறிந்த உண்மை. 2006ஆம் ஆண்டு ஜூலையில் மேற்குக் கிரீன்லாந்தில் 5.6 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஓர் ஏரி வெடிப்பு வழியாக அடியோடு வடிந்தது. சாரா தாஸ், இயன் ஜாகின் முதலிய விஞ்ஞானிகள் அங்கு வைத்திருந்த கருவிகள் அதைப் பதிவு செய்தன. சுமார் 4.4 கோடி கன மீட்டர் நீர்! அதில் பெரும்பகுதி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிட்டது. அப்போதைய நீரோட்டம் நயாகரா அருவியின் ஓட்டத்தையும் விஞ்சியது. சுமார் ஒரு கிலோமீட்டர் கனமுள்ள அந்தப் பனி அவ்விடத்தில் 1.2 மீட்டர் உயரத் தூக்கப்பட்டு, முன்னோக்கியும் தள்ளப்பட்டது!

எங்கள் ஊர்ச் சுண்ணாம்பாற்றுக் கரையில் இதன் சிறிய வடிவத்தைக் காணலாம். வற்றத்தின்போது சேற்றில் தட்டி நிற்கும் படகை நான்கு பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாது. ஏற்றத்தில் நீர் அடியில் புகுந்ததும் சித்தப்பா ஒருவரே ஒற்றைக் கையால் தள்ளிவிடுவார். படகின் எடை குறையவில்லை. அந்த எடையைத் தரைக்குப் பதிலாக நீர் தாங்கிக்கொள்கிறது, அவ்வளவே.

வடிகால் திறந்தால்?

அப்படியானால் அதிகம் உருகினால் பனி அதிகம் ஓடும் என்று முடிவு கட்டலாமா? நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன். உண்மை அவ்வளவு எளிதன்று. ஐப்பசியில் முதல் மழை பெய்ததும் நம் தெருக்களில் வெள்ளம் நிற்கிறது. வடிகால் தூர்ந்து கிடப்பதே காரணம். இரண்டு மூன்று மழைக்குப் பின் ஓட்டமே மண்ணை அரித்து வழி செய்துகொள்ள, அதே அளவு மழைக்குத் தெரு நனைவதோடு சரி. பனியின் அடியிலும் இவ்வாறே. கோடைத் தொடக்கத்தில் நீர் எங்கும் பரவி அழுத்தம் கூடுவதால் பனி வேகமாக வழுக்குகிறது. நாளாக ஆக நீர் பனியைக் குடைந்து பெரிய கால்வாய்களை அமைத்துக்கொள்கிறது. நீர் விரைவாக வடிய, அழுத்தம் குறைந்து பனியின் வேகமும் தணிகிறது. ஆகவே வெப்பம் மிகுந்த கோடையில் இந்தத் தணிவு முன்னதாகவே வந்துவிடுவதை 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எவ்வளவு நீர் என்பதோடு, அது எவ்வளவு வேகத்தில் வந்து எப்படி வடிகிறது என்பதையும் பார்க்கவேண்டும்.

தென்முனையில் நம் நாடு

அண்டார்டிகாவில் நிலைமை வேறு. அங்கே பனிவிரிப்பின் ஓரம் கடலின் மீது மிதந்து நிற்கிறது. இதனைப் பனித்தட்டு என்பர். இது பின்னாலுள்ள நிலப்பனியை வாசலில் நின்று தடுத்துப் பிடிக்கும் காவலன். 2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'லார்சன் பி' என்னும் பனித்தட்டின் மேல் எண்ணற்ற உருகுநீர்க் குளங்கள் தேங்கின. நீர் ஆப்பாக இறங்க, சுமார் 3,250 சதுர கிலோமீட்டர் பனித்தட்டு ஐந்தே வாரங்களில் தூள் தூளாயிற்று. காவலன் வீழ்ந்ததும் பின்னாலிருந்த பனியாறுகள் முன்னைவிடப் பல மடங்கு வேகத்தில் கடலுக்குள் பாய்ந்தன.

நம் இந்தியாவின் முதல் ஆய்வுக் குழு டாக்டர் எஸ். இசட். காசிம் தலைமையில் 1982 ஜனவரியில் அண்டார்டிகாவில் கால் பதித்தது. பனித்தட்டின் மேல் அமைத்த 'தட்சிண கங்கோத்ரி' நிலையம் பனியில் புதையுண்டுபோக, 1989இல் ஷிர்மாக்கர் என்னும் பாறைப் பகுதியில் 'மைத்ரி' எழுந்தது. அதன் வடக்கே உள்ள நிவ்லிசன் பனித்தட்டின் மேலும் கோடையில் உருகுநீர்க் குளங்கள் தோன்றுவதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன. ஆக, இது நம்மவர் வாசலிலேயே நடக்கும் கதை.

நமக்கு என்ன?

இதையெல்லாம் ஒரு மாலை தந்தையாரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அங்க ஐஸ் ஓடினா நம்ம வீட்டுக்கு என்னடா?" என்றார். நியாயமான கேள்வி. டம்ளரில் மிதக்கும் ஐஸ் உருகினால் நீர்மட்டம் உயராது. வெளியிலிருந்து புதிதாக ஒரு கட்டியைப் போட்டால் உயரும். நிலத்துப் பனி கடலில் இறங்குவது இந்த இரண்டாவது வகை. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. வெப்பத்தால் கடல்நீர் விரிவதும், நிலத்துப் பனி கரைவதும் அதற்கு முக்கியக் காரணங்கள்.

புதுவைக் கடற்கரை மணலை இழந்ததற்கெல்லாம் தென்முனையைப் பழி சொல்வது தவறு. 1980களின் இறுதியில் கட்டிய துறைமுகத் தடுப்புச் சுவர்கள் மணலின் போக்கை மறித்ததே அதற்குப் பெருங்காரணம். ஆனால் மணல் இழந்த கரைக்கு உயரும் கடல் இரட்டைச் சுமை. ஆற்றங்கரையில் தாழ்ந்த வீடு கட்டியிருப்போர்க்கு ஒரு சாண் உயர்வும் பெரிது.

தந்தையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எப்ப வரும், எவ்வளவு வரும்னு கணக்குப் போட முடியுமா?" என்று கேட்டார். "பனி எவ்வளவு வேகமாக நகரும் என்று தெரிந்தால்தான் முடியும் அப்பா. அதற்குத்தான் அந்தக் குளங்களை அளக்கிறார்கள்" என்றேன். "அப்ப நீயும் படிச்சு அளடா" என்றார்.

நண்பர்களே! எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நம் பாடப் புத்தகத்திலுள்ள அடர்த்தி, அழுத்தம், உராய்வு ஆகிய மூன்று சொற்களும் தேர்வுத் தாளோடு முடிவதில்லை. நம் வீட்டு வாசற்படிக்கும் அவற்றுக்கும் தொடர்புண்டு என்பதை உணர்ந்து படிப்போமாக!