கொழுந்து லொறியும் கொதிக்கிற ரேடியேட்டரும்



ஏற்றத்தில் கொழுந்து லொறி நின்று ஆவி கக்குவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். "தண்ணி ஊத்தினா சரியாப்போகும்" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அது ஏன் கொதித்தது என்று பார்ப்பவர்கள் குறைவு.

எஞ்சினின் சூட்டைத் தண்ணீர்தான் வெளியே கொண்டுவருகிறது. வோட்டர் பம்ப் தண்ணீரைச் சுற்றவிடும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் ஓடும்போது காற்றுப்பட்டு ஆறி, அது மறுபடி எஞ்சினுக்குப் போகும். இந்தச் சுற்றில் எங்கே கவனம் வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும்.

களுதாவளையில் தண்ணீர்

மட்டக்களப்புக்குத் தெற்கே கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள மணற்பாங்கான ஊர் களுதாவளை. அந்தக் கரையோரத்தில் மணலுக்குள் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. வறட்சியிலும், அளவுக்கு மீறி இறைத்தாலும் உப்பு மேலேறும். 2004 டிசம்பர் 26 கடல்கோளில் மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகள் பலவற்றில் கடல்நீரே புகுந்தது.

உவர்த் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் இரும்பு துருப்பிடிக்கும். கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிகிறதே, அதுபோலக் குழாய்க்குள்ளும் படியும். அப்புறம் சூடு வெளியே போகாது. ஆகவே அங்கே உழவு இயந்திரம் வைத்திருப்பவர் முதலில் பார்க்கவேண்டியது தண்ணீரை.

மலையில் மூடி

நம் பீலித் தண்ணீரில் உப்பு குறைவு. நமக்குச் சிக்கல் உயரம். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகையிலேயே கொதித்துவிடும். பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறப்பதே 82 பாகை அளவில்தான். இடைவெளி எவ்வளவு குறைவு, பாருங்கள்!

இங்கே நம்மைக் காப்பது ரேடியேட்டர் மூடி. அது அழுத்தத்தை உள்ளே பிடித்துவைப்பதால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்காது. 0.9 என்று பொறித்த மூடி நல்ல நிலையில் இருந்தால், நுவரெலியாவிலும் 115 பாகை வரை தாங்கும். உள்ளே இருக்கும் றப்பர் வோஷர் வெடித்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ அந்தப் பாதுகாப்பு போய்விடும். சின்னச் சாமான்தான், ஆனால் அதைக் கவனிக்காமல் விட்டால் எஞ்சின் ஹெட்டே வளைந்துபோகலாம்.

செய்ய வேண்டியவை

1. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது தண்ணீர் மட்டத்தையும் மூடியின் வோஷரையும் பாருங்கள்.
2. மூடி மாற்றும்போது பழைய மூடியில் உள்ள அதே இலக்கத்தில் வாங்குங்கள். இலக்கம் கூடினால் ஹோஸ் வெடிக்கும்.
3. ஹோஸ் உப்பியோ வெடித்தோ இருந்தால் கிளிப்போடு சேர்த்து மாற்றுங்கள். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.
4. வோட்டர் பம்பின் அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகினால் அதன் சீல் தேய்ந்துவிட்டது. கராஜில் காட்டுங்கள்.
5. "தெர்மோஸ்டாட் தேவையில்லை" என்று கழற்றி எறியாதீர்கள். பழுதென்றால் புதியது போடுங்கள்.
6. துருவைத் தடுக்க, எஞ்சினுக்கு ஏற்ற கூலன்டை உரிய அளவில் கலந்து ஊற்றுங்கள்.

உயிருக்கு ஆபத்து

கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். திறந்த அந்த நொடியே கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். எஞ்சினை நிறுத்தி, அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். பிள்ளைகளைக் கிட்ட விடவேண்டாம். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது, ஹெட் வெடித்துவிடும்.

யாருக்காவது சுட்டுவிட்டால், ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, எண்ணெய் எதுவும் பூசாமல் சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கொழுந்து கொஞ்சம் தாமதமாகப் போனாலும் பரவாயில்லை.