கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி

சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணி. மறுநாள் காலைல நாமக்கல்ல தங்கச்சிக்கு ஒரு போட்டித் தேர்வு. ஹால் டிக்கெட்டை பிரிண்ட் கொடுத்தா வெறும் வெள்ளைத் தாள் வருது. ஜெராக்ஸ் கடையெல்லாம் சாத்தியாச்சு. பதற்றத்துல மூணு தடவை 'கிளீனிங்' அழுத்தினேன். அதுதான் முதல் தப்பு. ஒவ்வொரு கிளீனிங்கும் நல்ல இங்கையே உறிஞ்சி வீணாக்கும்.

கோளாறு எங்கேன்னு புரிய, உள்ளே நடக்கிறது தெரியணும். 1977-ல கேனன் ஆய்வாளர் இச்சிரோ எண்டோவோட மேசையில, சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலா இங்க் ஊசியில பட்டுச்சு. நுனியிலிருந்து இங்க் தெறிச்சது. கேனனோட பபிள்ஜெட்டுக்கு விதை அதுதான். தலைமுடியை விட மெல்லிய துளைக்குப் பின்னாடி ஒரு குட்டி ஹீட்டர். அது சூடானதும் குமிழி உண்டாகி இங்கை வெளியே தள்ளும். துளையில இங்க் காய்ஞ்சா? சேலம், நாமக்கல் வெயில்ல ரெண்டு மாசம் சும்மா கிடந்தா காயாம என்ன செய்யும்?

அறிகுறியைப் பாருங்க. எழுத்துக்கு நடுவுல வெள்ளைக் கோடு வந்தா அடைப்பு. முதல்ல நல்லா வந்து போகப்போக மங்கினா, ரீஃபில் பண்ணும்போது மேலே இருக்கிற காற்றுத் துளையை டேப் மூடியிருக்கலாம். 'கார்ட்ரிட்ஜ் தெரியலை'ன்னு வந்தா, செம்புப் புள்ளிகள்ல அழுக்கு. நூல் பிரியாத துணியை லேசா நனைச்சுத் துடைச்சு, நல்லா காயவிடுங்க.

அடைப்புக்கு வெதுவெதுப்பான தண்ணி போதும். ஆனா போர் தண்ணி வேண்டாம், அதுல உப்பு அதிகம். பெட்ரோல் பங்க்ல விக்கிற பேட்டரி தண்ணி நல்லது. தட்டுல ரெண்டு மில்லிமீட்டர் ஊத்தி, துளைப் பக்கம் மட்டும் நனையற மாதிரி அஞ்சு நிமிஷம் வைங்க. அப்புறம் டிஷ்யூ பேப்பர்ல ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. கறுப்புத் தடம் விழுந்தா பிழைச்சுது. இது பிரிண்ட் தலை கார்ட்ரிட்ஜ்லயே இருக்கிற வகைக்குத்தான். பெரும்பாலான எப்சன் பிரிண்டர்ல தலை மெஷின்ல இருக்கும், அதுக்கு இது பொருந்தாது.

இங்க் சுத்தமா தீர்ந்த பிறகும் ஓட்டாதீங்க. ஹீட்டரைக் குளிர்விக்க இங்க் இல்லாம அது கருகிடும். அப்புறம் ஊற வெச்சும் பிரயோஜனமில்லை.

பதினொன்றரைக்கு ஹால் டிக்கெட் வந்துச்சு. ரெண்டு கோடு மங்கல்தான், ஆனா படிக்க முடிஞ்சது. இப்ப வாரம் ஒரு கலர் பக்கம் அடிக்கிறேன். நீங்களும் அடிங்க.