வயல் சேறும் மார்கழிக் காய்ச்சலும்

பெரும்போக மழை அடித்து, முந்தனையாறு பெருகி, மட்டக்களப்பின் சித்தாண்டிப் பக்கத்து வயல்களில் வரம்பு தெரியாமல் வெள்ளம் நிற்கும் காலத்தில் வீட்டுக்கு வீடு கேட்கிற முறைப்பாடு ஒன்றுதான்: உடம்பெல்லாம் உளைவு, ஓங்காளம், இருமல். பெரும்பாலும் அது சாதாரண வைரஸ் காய்ச்சல், நாலைந்து நாளில் விட்டுவிடும். டெங்குவாகவும் இருக்கலாம் என்பதால் பரசிற்றமோல் தவிர வேறு வலிமாத்திரை போடவே கூடாது. அஸ்பிரினும் புரூபனும் இரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

ஆனால் சேற்றில் இறங்கி வேலை செய்தவருக்கு வேறு இரண்டு நோய்களும் இருக்கக்கூடும்.

ஒன்று எல்லோரும் அறிந்த எலிக்காய்ச்சல். எலி, மாடு, எருமை கழிக்கும் சலத்தில் உள்ள கிருமி வயல்நீரில் கலந்து, காலில் உள்ள கீறல் வழியாக உள்ளே போகிறது. கெண்டைக்கால் தொட முடியாமல் வலிக்கும், கண் சிவக்கும், சலம் குறையும். இருமலை இந்த நோயோடு பலர் சேர்த்துப் பார்ப்பதில்லை. 2024 டிசம்பரில், வெள்ளத்துக்குப் பின் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாகச் சிலர் அடுத்தடுத்து இறந்தபோது மர்மக் காய்ச்சல் என்று பேச்சுப் பரவியது. பரிசோதித்தபோது எலிக்காய்ச்சல். கிருமி நுரையீரலைத் தாக்கி உள்ளே இரத்தம் கசிந்தால் நோயாளியைக் காப்பாற்றுவது கடினம். வயலில் இறங்குமுன் பிஎச்ஐமார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) கொடுக்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரையைச் சிலர் வாங்கி வைத்துவிட்டுப் போடாமல் விடுவது எனக்குப் பெரிய கவலை.

மற்றது மெலியோய்டோசிஸ். இதன் கிருமி எந்த விலங்கையும் நம்பி இல்லை, மண்ணிலேயே வாழ்கிறது. மழையில் மேலே வந்து, காயத்தாலோ மூச்சாலோ குடிநீராலோ உடலில் சேர்கிறது. 1912இல் ரங்கூனில் இதை முதலில் விவரித்தவர்கள் விட்மோர், கிருஷ்ணசுவாமி என்ற இருவர். இலங்கையில் முதல் நோயாளி 1927இல் பதிவானார். பிறகு பல பத்தாண்டுகள் நோய் இல்லாதது போலவே இருந்தது, தேடவில்லை என்பதே காரணம். 2006இலிருந்து தேடத் தொடங்கிய பின், 2017க்குள் 250 பேரிடம் உறுதியானது. மட்டக்களப்பு, அதிகம் கண்டறியப்பட்ட மாவட்டங்களில் ஒன்று.

இதில் மிகவும் அகப்படுவோர் சீனி வருத்தக்காரர். நெஞ்சு எக்ஸ்ரேயில் சயரோகம் போலவே தெரியும். ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ் கட்டலாம். வழக்கமாகக் கொடுக்கும் பல அன்ரிபயோற்றிக்குகள் இதற்குப் பிடிப்பதில்லை. இரத்தத்தையோ சளியையோ சீழையோ ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்துத்தான் நிச்சயிக்க வேண்டும்; அங்கும் கிருமியை வேறொன்றாக நினைத்து ஒதுக்கிவிடும் ஆபத்து உண்டு. ஆகவே வைத்தியர் கேட்காவிட்டாலும் நோயாளியே சொல்ல வேண்டும்: வயலில் நின்றேன், வெள்ளத்தில் நடந்தேன், காலில் புண் இருந்தது, சீனி இருக்கிறது. அந்த ஒரு வாக்கியம் எந்தப் பரிசோதனை செய்வது என்பதையே மாற்றிவிடும்.

நோய் மெலியோய்டோசிஸ் என்று தெரிந்தால் இரண்டு கிழமையாவது ஊசிமருந்து. பிறகு குறைந்தது மூன்று மாதம் மாத்திரை. காய்ச்சல் விட்டு உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு இது திரும்பி வருகிறது.